சொல்லாமற் போன பிள்ளைகளும் கேட்காமல் இருந்த பெற்றோரும்

வெளிநாடுகளில் வாழும் நம்மவர்களைச் சந்திக்கும்போதெல்லாம் ஒரு முறைப்பாடு தவறாமல் என் காதில் விழுகிறது. ரொறன்ரோவிலும் கேட்டேன், இலண்டனிலும் கேட்டேன். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலுங்கூடக் கேட்கிறேன். "பிள்ளை எங்களோடை கதைக்கிறதே இல்லை. பள்ளிக்கூடத்தாலை வந்தால் அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்திப்போடும்" என்பதே அந்த முறைப்பாடு. இதற்குக் கைத்தொலைபேசியைக் குற்றஞ்சாட்டுவோர் பலர். புகுந்த நாட்டின் பண்பாட்டைக் குற்றஞ்சாட்டுவோர் வேறு சிலர். அவற்றுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

ஆயினும் கைத்தொலைபேசி நம் கைகளுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்னரே, நம்மவர் வீடுகள் பலவற்றிற் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இடையிலான பேச்சு நின்றுபோயிருந்தது. அது தானாக நின்றதன்று. அதற்கென்று ஒரு வரலாறு உண்டு. செய்தித்தாள்களிற் பல்லாண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் அவ்வரலாற்றின் சில பக்கங்கள் என் மேசையைக் கடந்து சென்றன. பிள்ளையோடு எப்படிப் பேசுவது என்று ஆலோசனை கூறும் நூல்கள் ஏராளம். நாம் ஏன் பேசாமற் போனோம் என்பதை எழுதியவர்கள் மிகச் சிலரே. ஆகவே இதனை எழுதுகிறேன்.

அம்மா என்னும் தபாற்காரர்

முதலில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்ற கதை உண்மையன்று. எங்கள் பெற்றோர் காலத்து யாழ்ப்பாண வீட்டில் தந்தையும் வளர்ந்த மகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது அரிது. ஐயா விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் இருப்பார். மகனுக்கு வேண்டியது எதுவாயினும் அம்மாவிடம் சொல்லப்படும். அம்மா நேரம் பார்த்து அதனை ஐயாவின் காதிற் போடுவார். ஐயாவின் மறுமொழியும் அதே வழியாகத் திரும்பிவரும். பெரும்பாலும் அது "வேண்டாம்" என்பதாகவே இருக்கும்.

இருந்தபோதிலும், வீட்டிற் பேசமுடியாததைப் பேசுவதற்கு ஒரு மூன்றாம் இடம் அன்றைய இளைஞனுக்கு இருந்தது. ஊர் வாசிகசாலை இருந்தது. கோயில் வீதி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக ஆசிரியர் இருந்தார். 1924ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று பெயர்பெற்றது. அதன் முன்னணியில் நின்ற ஹன்டி பேரின்பநாயகம் ஓர் ஆசிரியர். 1927 நவம்பரிற் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துவந்தவர்கள் இந்த இளைஞர்களே. 1931ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலை வடக்கிற் பகிஷ்கரிக்கச் செய்தவர்களும் இவர்களே.

அவர்கள் எழுப்பிய கேள்விகளுள் மிகவும் கடினமானது அரசியற் கேள்வியன்று, சாதி பற்றிய கேள்வியே. பாடசாலைகளிற் சம ஆசனமும் சம போசனமும் வேண்டும் என்று அவர்கள் கோரினார்கள். சம ஆசன உத்தரவு நடைமுறைக்கு வந்த 1930ஐ ஒட்டிய காலத்திற் சில பாடசாலைகள் தீயிடப்பட்டன. தீயிட்டவர்கள் வேற்றூரிலிருந்து வந்தவர்கள் அல்லர். பிள்ளை ஒரு பக்கம், அப்பனும் சிற்றப்பனும் மறுபக்கம் என்று நின்ற குடும்பங்கள் இருந்தன. சச்சரவு கடுமையானதுதான். எனினும் அது வெளிவெளியாக நடந்த சச்சரவு. தந்தை என்ன நினைக்கிறார் என்பது மகனுக்குத் தெரியும். மகன் எங்கே போகிறான் என்பது தந்தைக்குத் தெரியும். இடையில் இருவரும் மதிக்கும் ஓர் ஆசிரியர் இருந்தார். இந்த மூன்றும் பின்னாளில் ஒவ்வொன்றாக இல்லாமற் போயின.

புள்ளிகள் மட்டும் பேசிய வீடு

இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டு வந்தது. கிணற்றடியில் தோட்டஞ் செய்தவர் வீட்டுப் பிள்ளையும் வைத்தியராகலாம், பொறியியலாளராகலாம் என்ற நம்பிக்கை யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பரவியது. நம்பிக்கை நல்லதே. ஆனால் அதனோடு வீட்டின் பேச்சுச் சுருங்கத் தொடங்கியது. "படிச்சனியா? எத்தினை புள்ளி? முதலாம் பிள்ளை ஆர்?" என்ற மூன்று கேள்விகளுக்குள் பல வீடுகளின் உரையாடல் அடங்கிவிட்டது. பிள்ளைக்கு எது பிடிக்கும், எதற்குப் பயம், யார் சிநேகிதர் என்பவை கேட்கப்படவில்லை. படித்தாற் போதும், மற்றவை தாமாக வரும் என்பது பெற்றோர் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு.

அந்த வாக்கு 1971இல் உடைந்தது. தரப்படுத்தலின் முதல் ஆண்டு அது. மருத்துவத் துறை அனுமதிக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளிகள் போதுமாயிருக்க, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளிகள் வேண்டியிருந்தன. பேராதனைப் பொறியியல் துறைக்கு முறையே 227, 250. பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீடு பின்தங்கிய மாவட்டங்களின் மாணவர்களுக்கு, தமிழ் மாணவர்கள் உட்பட, வாயில் திறந்தது என்பதையும் மறைக்கலாகாது. எனினும் 240 புள்ளிகளோடு விறாந்தையில் உட்கார்ந்திருந்த பத்தொன்பது வயதுப் பையனுக்கு அது ஆறுதலாகவில்லை.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று அந்தத் தந்தையைப் பார்க்கவேண்டும். பதினைந்து ஆண்டுகளாக "படி, படி" என்ற ஒரே வசனத்தைச் சொல்லிவந்தவர் அவர். அந்த வசனம் பொய்த்தபோது அவரிடம் இரண்டாவது வசனம் இருக்கவில்லை. மகனிடம் கேள்விகள் இருந்தன. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? 1957இற் கையெழுத்தான பண்டா - செல்வா ஒப்பந்தம் மறு ஆண்டே கிழித்தெறியப்பட்டபோது என்ன செய்தீர்கள்? 1961இற் கச்சேரி வாசலிற் சத்தியாக்கிரகம் இருந்து கண்டதென்ன? இவை தலைவர்களை நோக்கிய கேள்விகளே. ஆனால் தலைவருக்கு வாக்களித்த தந்தையும் அந்தக் கூண்டிலேயே நின்றார். பிள்ளையின் கேள்வியைத் தன்மீது சாட்டப்பட்ட குற்றமாக உணர்ந்த தந்தை, மௌனத்தைத் தேர்ந்துகொண்டார். 1970இல் தமிழ் மாணவர் பேரவையும் 1973இல் தமிழ் இளைஞர் பேரவையும் உருவாயின. வீட்டில் விடை கிடைக்காத கேள்விகள் அங்கே பேசப்பட்டன.

அறிந்திருப்பது குற்றமான காலம்

உரும்பிராயைச் சேர்ந்த பொன். சிவகுமாரன் 1974 ஜூன் 5ஆம் திகதி பொலிஸாரிடம் அகப்பட்ட நிலையிற் சயனைட் அருந்தி உயிர்நீத்தபோது அவருக்கு வயது 23. அதன்பின் குடாநாட்டுத் தாய்மார் தம் பிள்ளைகளை வேறு கண்களாற் பார்க்கத் தொடங்கினர். "இவனும் போவானோ?" என்ற ஐயம் மனத்தில் இருந்தது. வாய்விட்டுக் கேட்டால் அது உண்மையாகிவிடுமோ என்ற அச்சமும் இருந்தது.

1979 ஜூலையிற் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேறியது. மூன்றாண்டுக்கென்று வந்த சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. விசாரணையின்றித் தடுத்துவைக்கும் அதன் விதிகளைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அதன் ஐந்தாம் பிரிவு பற்றிப் பேசுவோர் குறைவு. இச்சட்டத்தின்கீழ் ஒருவர் குற்றம் புரிந்ததையோ அதற்கு ஆயத்தம் செய்வதையோ அறிந்திருந்தும், அல்லது அவர் இருக்குமிடம் தெரிந்திருந்தும், பொலிஸாருக்கு அறிவிக்காமல் விடுவதே குற்றம். அதற்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். தாய்க்கு விலக்கு என்று அந்தப் பிரிவில் எழுதப்படவில்லை.

இதன் பொருளை ஒரு வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். மகன் சொல்லிவிட்டால் தாய் குற்றவாளி. ஆகவே மகன் சொல்லவில்லை. தாய் கேட்டுவிட்டால் நாளை இராணுவத்தினர் கேட்கும்போது பொய் சொல்லவேண்டிவரும். ஆகவே தாய் கேட்கவில்லை. ஒருவரை ஒருவர் காப்பாற்றவே இருவரும் வாய்மூடி இருந்தனர். அன்பே மௌனமாயிற்று. நம் வரலாற்றில் இது மிகவும் துயரமான திருப்பம் என்று நான் கருதுகிறேன்.

1983 ஜூலைக்குப் பின் பிள்ளைகள் நூற்றுக்கணக்கிற் போனார்கள். உடுத்த சாரமும் ஒரு சேட்டும் கொடியிற் காணாமற் போயிருக்கும். ரியூட்டரிக்குப் போன பிள்ளை பொழுதுபட்டும் திரும்பாது. இரண்டு நாள் கழித்து எவனோ ஒரு சிநேகிதன் சைக்கிளைக் கொண்டுவந்து படலையிற் சாத்திவிட்டு, ஒன்றும் பேசாமற் போவான். அந்தச் சைக்கிளே கடிதம்.

அக்காலத்தில் நாளிதழ் அலுவலகத்துக்குப் பெற்றோர் கொண்டுவந்த அறிவித்தல்களை நான் வாசித்திருக்கிறேன். படம் ஒன்று, பெரும்பாலும் தேசிய அடையாள அட்டைக்கென எடுத்தது. கீழே நாலைந்து வரிகள். அம்மாவுக்குக் கடும் சுகவீனம், உடன் வீட்டுக்கு வரவும் என்று சிலர் எழுதுவர். வந்தால் ஒருவரும் ஏசமாட்டோம் என்று வேறு சிலர் எழுதுவர். உன் விருப்பப்படியே படிக்கலாம் என்று எழுதித் தந்த ஒரு தந்தையையும் கண்டேன். வரிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி, ஊரறிய அச்சில் அந்த மனிதர் சொன்ன வார்த்தை, வீட்டுத் திண்ணையில் ஒரு சதமும் செலவின்றிச் சொல்லியிருக்கக்கூடிய வார்த்தை. அந்த அறிவித்தல்களை வாசித்து எத்தனை பிள்ளைகள் திரும்பினார்கள் என்பது எனக்குத் தெரியாது. வாசிக்கக்கூடிய இடத்தில் அவர்கள் இருந்தார்களா என்பதும் தெரியாது.

வீட்டுக்குள் பேசமுடியாத தாய்மார் வீதியிற் பேசினர். 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தோன்றியது. கைதுசெய்யப்பட்ட தம் பிள்ளைகளை விடுவிக்கக் கோரி நூற்றுக்கணக்கான பெண்கள் கச்சேரியை நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். இரண்டாண்டு கழித்து, 1986இல், பெண்கள் எழுதிய கவிதைகளின் தொகுப்பொன்று யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. சித்திரலேகா மௌனகுரு தொகுத்த அந்நூலின் பெயர் 'சொல்லாத சேதிகள்'. அக்காலத்து வீடுகளுக்கும் அந்தப் பெயர் பொருந்தும்.

பேசியவர்கள் வேறு யாரோ

வீட்டிற் பேச்சுக் கிடைக்காத பிள்ளையோடு வெளியில் யாரோ ஒருவர் பேசினார். இதனை நான் யாரையும் குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை. ஒரு தலைமுறையின் கோபம் நியாயமான காரணங்களிலிருந்தே பிறந்தது. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையை அழைத்துச் சென்ற எந்த இயக்கமும் அதன் தாயிடம் அனுமதி கேட்டதில்லை. பிற்காலத்தில், குறிப்பாக வன்னியில், விருப்பத்தோடு போனவர்களின் இடத்தைக் கட்டாயமாக இழுத்துச்செல்லப்பட்டவர்கள் நிரப்பினர். பெற்றோர் பிள்ளைகளைப் பதுங்குகுழிகளில் ஒளித்தனர். பள்ளிப் பருவத்திலேயே அவசரமாகத் திருமணஞ் செய்துவைத்தனர். அந்தத் திருமணங்கள் பற்றி அந்தப் பிள்ளைகளிடம் யாரும் கேட்டதில்லை.

தெற்கின் கதையும் வேறன்று. 1971 ஏப்ரல் 5ஆம் திகதி ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தது. அதற்கு முந்திய ஆண்டுகளிற் கிராமத்து இளைஞர்களை அந்த இயக்கம் ஈர்த்தது 'ஐந்து வகுப்புகள்' என்று அறியப்பட்ட விரிவுரைகள் மூலமே. படித்து வேலையற்றிருந்த பிள்ளையை ஒருவர் சமமாக உட்காரவைத்து, நாட்டின் நிலை பற்றி மணிக்கணக்கிற் பேசினார். அந்தப் பேச்சிற் பிழைகள் இருந்திருக்கலாம். ஆனால் அவன் வாழ்க்கையில் வளர்ந்த ஒருவர் அவனோடு அப்படிப் பேசியது அதுவே முதற்றடவையாகவும் இருந்திருக்கலாம். கைதானவர்களில் 10,192 பேர் பற்றிய விவரங்களைப் பேராசிரியர் கணநாத் ஒபேசேகர ஆராய்ந்தார். மிகப் பெரும்பாலோர் இளைஞர்கள், கிராமத்தவர்கள், சுயமொழியிற் படித்தவர்கள். மீண்டும் 1987 தொடக்கம் 1989 வரை தெற்கு இரத்தத்தில் மூழ்கியது. 1990 ஜூலையில் மாத்தறையில் அன்னையர் முன்னணி தோன்றியது. யாழ்ப்பாணத்துத் தாய்மாருக்கும் மாத்தறைத் தாய்மாருக்கும் மொழி வேறு. கையிற் பிடித்திருந்த படங்கள் ஒரே வயதுப் பிள்ளைகளுடையவை.

கடல் கடந்த மௌனம்

இயக்கத்துக்குப் போகாமற் காப்பதற்காகப் பல பெற்றோர் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பினர். காணியை ஈடுவைத்து, தாலிக்கொடியை விற்று, பதினேழு வயதுப் பையனை ஒரு முகவரிடம் ஒப்படைத்தனர். இந்த முடிவும் பல வீடுகளிற் பையனிடம் கேட்டு எடுக்கப்பட்டதன்று. சூரிச்சிலோ பாரிஸிலோ உணவகத்திற் கோப்பை கழுவிய அந்தப் பையன், தொலைபேசியில் "நான் நல்லாயிருக்கிறன்" என்றான். ஷெல் விழுந்துகொண்டிருந்த ஊரிலிருந்து தாயும் "நாங்களும் நல்லாயிருக்கிறம்" என்றாள். இருவரும் பொய் சொன்னார்கள், இருவருக்கும் அது தெரியும். பிள்ளைகள் போய்விட்ட வீட்டில் எஞ்சிய முதியோரின் தனிமையைக் குழந்தை ம. சண்முகலிங்கம் 'எந்தையும் தாயும்' நாடகத்தில் மேடையேற்றினார். அதனைப் பார்த்தோர் தம் வீட்டையே பார்த்தனர்.

அன்றைய பதினேழு வயதுப் பையனுக்கு இன்று ஐம்பதுக்கு மேல். அவர்தான் இப்போது "பிள்ளை கதைக்குதில்லை" என்று என்னிடம் முறையிடுபவர். தம் பதின்ம வயதிற் பெற்றோரோடு பேசாமலே வளர்ந்தவர் அவர். பதின்ம வயதுப் பிள்ளையோடு ஒரு தந்தை எப்படிப் பேசுவார் என்பதைக் கண்டறியாதவர். தாம் எப்படி வந்தார், வழியில் யாரை இழந்தார், எதற்காக இன்றும் நள்ளிரவில் விழித்துக்கொள்கிறார் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லாதவர். ஆபத்து நீங்கிவிட்டது, ஆபத்துக்காகப் பழகிய மௌனம் நீங்கவில்லை. இதற்கு மேலாக மொழி வேறு குறுக்கே நிற்கிறது. தந்தை தமிழிற் கேட்பார், பிள்ளை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மறுமொழி சொல்லும். பள்ளிக்கூடத்துப் புள்ளிகளைப் பேச அந்த அரைகுறை மொழி போதும். மனத்தைப் பேச அது போதாது.

ஒரு தடவை அந்தக் கதவு திறந்தது. 2009 ஏப்ரலில் இலண்டன் பாராளுமன்றச் சதுக்கத்திலும், மே 10ஆம் திகதி ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையிலும் இறங்கியவர்களுள் அங்கே பிறந்த பிள்ளைகள் ஏராளம். தமிழ் சரியாகப் பேசத் தெரியாத பிள்ளை தன் கையிற் பதாகை ஏந்தியதைக் கண்டு திகைத்த பெற்றோரை நான் அறிவேன். அந்த நாட்களிற் சாப்பாட்டு மேசையிற் கேள்விகள் பிறந்தன. முள்ளிவாய்க்காலுக்குப் பின் துக்கம் தாங்காமற் பெற்றோர் மீண்டும் வாய்மூடினர். பிள்ளைகள் விடைகளை இணையத்திலே தேடிக்கொண்டனர். வீட்டிற் பேசாத பிள்ளையோடு வெளியில் யாரோ பேசுவார்கள் என்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை.

எங்கே தொடங்குவது?

நான் உளவளத்துணையாளன் அல்லன். வரலாறு காட்டும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

நம் வீட்டுக் கேள்விகளை ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள். "எங்கை போனனி? ஆரோடை போனனி? ஏன் பிந்தினது? பையுக்குள்ளை என்ன?" சோதனைச் சாவடியில் நம்மை மறித்தவர்கள் கேட்ட கேள்விகளும் இவைதாம். அவர்களுக்கு நாம் எப்படி மறுமொழி சொன்னோம்? எவ்வளவு குறைவாகச் சொல்லலாமோ அவ்வளவு குறைவாக. நம் பிள்ளைகளும் அவ்வாறே செய்கிறார்கள்.

இரண்டாவதாக, பிள்ளையிடம் கேட்பதற்கு முன் நாம் சொல்லவேண்டும். ரொறன்ரோவில் வாழும் என் நண்பர் ஒருவர், சனிக்கிழமை வகுப்புக்கு மகளைக் காரில் ஏற்றிச் செல்லும்போது, தாம் பதினெட்டு வயதிற் கொழும்பு விடுதியொன்றில் ஐந்து மாதம் ஒளிந்திருந்த கதையைச் சொல்லத் தொடங்கினார். அறிவுரை எதுவும் சேர்க்கவில்லை. முதல் நாள் மகள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் வாரம், "அப்பா, உங்களுக்குப் பயமா இருந்ததா?" என்று கேட்டாள். "ஓம்" என்றார். அதன்பின் அவள் தன் பள்ளிக்கூடத்திற் தனக்கு இருந்த ஒரு பயத்தைச் சொன்னாள். தந்தைக்குப் பயமிருந்தது என்று தெரிந்த பிறகுதான் அவளால் தன் பயத்தைச் சொல்ல முடிந்தது என்று நண்பர் கூறினார்.

மூன்றாவதாக, அந்தப் பழைய மூன்றாம் ஆளை மீண்டும் தேடிக்கொள்ளவேண்டும். எல்லாவற்றையும் பெற்றோரிடமே பிள்ளை சொல்லவேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை. ஒரு மாமி, ஒரு சித்தப்பா, ஒரு ஆசிரியர் என்று இரு பக்கத்தாரும் நம்பும் ஒருவர் வேண்டும். பிள்ளை அவரிடம் சொன்னதை வற்புறுத்திக் கேட்டறிய முயலாமல் இருக்கும் பண்பு பெற்றோருக்கு வேண்டும்.

ஊரிலும் இது தேவைப்படுகிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய தொடர் போராட்டத்தை நாம் அறிவோம். அந்தத் தாய்மார் சிலரின் வீடுகளில், போருக்குப் பின் வளர்ந்த பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். சுவரில் மாலையிடாமல் மாட்டியிருக்கும் படம் யாருடையது என்று அந்தப் பிள்ளை கேட்கும். "உன்ரை மாமா" என்பதோடு பேச்சு முடிந்துவிடலாகாது. மாமாவுக்கு என்ன பிடிக்கும், எப்படிச் சிரிப்பார், எந்த வயதில் எப்படிப் போனார், போவதற்கு முதல்நாள் இரவு வீட்டில் என்ன பேசினார்கள், என்ன பேசாமல் விட்டார்கள் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்குச் சேரவேண்டிய சொத்து.

நம் பெற்றோருக்குப் பேசாமல் இருப்பதற்குக் காரணம் இருந்தது. ஏழாண்டுச் சிறை இருந்தது, வாசலில் இராணுவம் இருந்தது. நமக்கு அந்தக் காரணம் பெருமளவுக்கு இல்லை. அறைக் கதவை உள்ளே சாத்திக்கொண்டாலும் நம் பிள்ளைகள் வீட்டிலேதான் இருக்கிறார்கள். அந்தப் பேறு கிடைக்காத தாய்மாரை நான் கண்டவன். அதனாலேயே இவ்வளவும் சொன்னேன்.